பர்மாப் பெட்டியைத் திறப்பவர்களுக்கு: ஆக்கிரமிப்புக் காலத்துக் கணக்குகளையும் கடிதங்களையும் படிக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஒரு காலத்தில் பர்மாவில் (இன்றைய மியான்மரில்) வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்களின் வீட்டு உள்ளறையில் ஒரு கணக்குப் பெட்டியோ இரும்புப் பெட்டியோ பூட்டியபடி கிடப்பதை இன்னும் காணலாம். பேரேடுகள், ஏஜெண்டுகள் எழுதிய கடிதங்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், செல்லாத நோட்டுக் கட்டுகள், ரங்கூனில் எடுத்த புகைப்படங்கள் ஆகியவை அதில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். வீட்டைப் பிரிக்கும்போதோ விற்கும்போதோதான் அதைத் திறக்கும் எண்ணமே பலருக்கு வருகிறது. அப்படித் திறக்கப் போகும் பேரன் பேத்திகளுக்காகவே இக்குறிப்புகள் எழுதப்படுகின்றன.

பெரும்பாலான குடும்பங்களில் பர்மா கதை ஒரே வரியில் முடிந்துவிடும்: சப்பான்காரன் குண்டு போட்டான், ஐயா நடந்தே ஊர் வந்து சேர்ந்தார், எல்லாம் போயிற்று. காகிதங்களை வரிசைப்படுத்திப் படித்தால் இந்த வரி அப்படியே நிற்பதில்லை. 1942-ல் ஆட்கள் வெளியேறினார்களே தவிர, நிலத்தின் மீதான உரிமை சட்டப்படி அன்றைக்குப் போய்விடவில்லை. நிலம் போனது பர்மா சுதந்திரம் அடைந்த பிறகு, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தினால். கடைகளும் ரொக்கமும் போனது அதற்கும் பிறகு, 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததன் தொடர்ச்சியாக. ஆகவே எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது எழுதப்பட்ட நாளில் அந்த ஊரில் யாருடைய ஆட்சி நடந்தது?" என்பதுதான். தொகை, வட்டி, கையெழுத்து எல்லாம் அடுத்தபடி.

திறப்பதற்கு முன்

பெட்டி பொது வீட்டில் இருந்தால் அது எல்லாப் புள்ளிகளுக்கும் (மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) பொதுவானது. ஒரு பங்காளி மட்டும் விடுமுறைக்கு வந்த இடத்தில் பூட்டை உடைத்தால், பிறகு எந்தத் தாள் காணாமற்போனாலும் பழி அவர் தலையில்தான் விழும். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காகச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எல்லோரும் ஊருக்கு வந்து சேரும் நாட்களே இதற்கு ஏற்றவை. பெரியவர்கள் முன்னிலையில் திறந்து, யார் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தொடங்குவது நல்லது. இது சம்பிரதாயம் போலத் தோன்றினாலும், பின்னால் வரும் மனக்கசப்புகளில் பாதியை இதுவே தவிர்த்துவிடும்.

பெட்டியைத் திறந்தவுடன் எதையும் வெளியே எடுக்காமல், உள்ளே இருக்கும் நிலையிலேயே முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கட்டின் மேல் எந்தக் கட்டு இருந்தது, எந்தக் கடிதம் எந்தப் பேரேட்டின் பக்கங்களுக்கு நடுவே செருகப்பட்டிருந்தது என்பதும் சான்றுதான். கணக்கப்பிள்ளை ஒரு கடிதத்தைக் குறிப்பிட்ட பக்கத்தில் செருகி வைத்திருந்தால், அந்தப் பக்கத்து வரவுக்கோ பற்றுக்கோ அதுவே ஆதாரமாக இருந்திருக்கக் கூடும். தேதிவாரியாக அடுக்குகிறேன் என்று எல்லாவற்றையும் உருவிக் கலைத்துவிட்டால் அந்தத் தொடர்பு திரும்பக் கிடைக்காது.

தாள்களை வெயிலில் காய வைக்கக் கூடாது. நிழலில், காற்றோட்டமான பட்டாலையில் பரப்பினால் போதும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டலாம். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவதும், பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்வதும் தாளைக் கொல்லும் வழிகள். பழைய வழக்கப்படி வசம்பைத் துணியில் முடிந்து வைப்பதில் தவறில்லை, ஆனால் அது தாளின் மீது படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு மரச்சாமான்களோடு கணக்குப் பெட்டியையும் சேர்த்து விற்றுவிடும் வழக்கம் இருக்கிறது. பெட்டிக்கு விலை உண்டு, உள்ளிருக்கும் தாள்கள் எடைக்குப் போகும், உறைகளிலிருந்து தபால் தலை மட்டும் வெட்டி எடுக்கப்படும். தபால் தலையோடு முத்திரையும், முத்திரையோடு தேதியும் ஊரும் தணிக்கை அடையாளமும் போய்விடுகின்றன. போர்க்காலக் கடிதத்துக்கு உறைதான் பாதி உயிர்.

ஆண்டுகளைப் பொருத்திக்கொள்ளுதல்

பேரேடுகளில் ஆங்கிலத் தேதி எப்போதும் இருக்காது. தமிழ் ஆண்டும் மாதமும்தான் இருக்கும். ஆகவே ஆட்சி மாறிய நாட்களைத் தமிழ் ஆண்டோடு பொருத்தி ஓர் அட்டையில் எழுதி, படிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ரங்கூன் மீது ஜப்பானியர் முதலில் குண்டு வீசியது 1941 டிசம்பர் 23, அதாவது விஷு ஆண்டு மார்கழி. நகரம் அவர்கள் கைக்குப் போனது 1942 மார்ச் 8, அதே விஷு ஆண்டு மாசியின் பிற்பகுதி. அடுத்து வரும் சித்திரபானு, சுபானு, தாரண ஆகிய 3 ஆண்டுகளும் முழுக்க ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம். அதற்குள்ளும் ஒரு பிரிவு உண்டு: 1943 ஆகஸ்ட் 1 அன்று பர்மிய அரசியல் தலைவர் பா மாவின் தலைமையில் பர்மாவுக்குச் சுதந்திரம் தரப்பட்டதாக ஜப்பான் அறிவித்தது. அரசாங்கத்தின் பெயர் மாறியது, துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பது மாறவில்லை. அந்த அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஆங் சானின் படை 1945 மார்ச் 27 அன்று ஜப்பானியருக்கு எதிராகவே திரும்பியது. ரங்கூன் பிரிட்டிஷார் கைக்குத் திரும்பியது 1945 மே தொடக்கத்தில், பார்த்திப ஆண்டு சித்திரையில். அதன் பின் சில மாதங்கள் ராணுவ நிர்வாகம் நடந்தது. அக்டோபரில்தான் ஆளுநரின் சிவில் ஆட்சி மீண்டது.

அடுத்த கட்டம் சர்வசித்து ஆண்டு. 1947 ஜூலை 19 அன்று ஆங் சான் கொல்லப்பட்டார். 1948 ஜனவரி 4 அன்று, அதே சர்வசித்து ஆண்டின் மார்கழியில், பர்மா சுதந்திர நாடானது. 3 மாதம் கூட முடிவதற்குள் கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சி தொடங்கியது. சர்வதாரி ஆண்டு தை மாதத்தில், அதாவது 1949 ஜனவரி இறுதியில், கரேன் மக்களின் படை ரங்கூனை ஒட்டிய இன்சேனில் அரசுப் படைகளோடு மோதியது. 1962 மார்ச் 2 அன்று ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றியது பிலவ ஆண்டு மாசியில். 1964 மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது குரோதி ஆண்டு வைகாசியில். இத்தனையும் ஒரே அட்டையில் அடங்கிவிடும். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால், ஜனவரி முதல் ஏப்ரல் பாதி வரையிலான தேதிகள் முந்தைய தமிழ் ஆண்டில் விழும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. வீட்டுக் கதைகளில் ஓராண்டுக் குழப்பம் நேரும் இடம் பெரும்பாலும் இதுதான்.

பேரேட்டைப் படித்தல்

பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழ் போதும், ஆனால் சில குறியீடுகளைப் பழக வேண்டும். ௳ என்பது தேதி, ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். எண்கள் தமிழ் எண்களாகவே இருக்கும். 1942 என்பதை ஒருவர் ௲௯௱௪௰௨ என்று பழைய முறையில் எழுதியிருப்பார், இன்னொருவர் ௧௯௪௨ என்று இடமதிப்பு முறையில் எழுதியிருப்பார். ரூபாய்க்குக் கீழே அணாவும் பையும் வரும். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. ஒரு கையெழுத்து பிடிபட ஒரு வாரம் ஆகலாம். பிடிபட்ட பிறகு அடுத்த கணக்கப்பிள்ளையின் கையெழுத்துக்கு மறுபடியும் தொடக்கத்திலிருந்து வர வேண்டியிருக்கும், அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம்.

கடையின் விலாசத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே விலாசம். பங்காளிகள் பிரிந்தபோது ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். ஒரே பெட்டியில் 2 விலாசங்கள் தென்பட்டால், அது பிரிவினைக்கு முன்னும் பின்னுமான கணக்காகவும் இருக்கலாம், விலைக்கு வாங்கிய வேறொரு கடையின் கணக்காகவும் இருக்கலாம். அடுத்து, கையிலிருப்பது பர்மாக் கடைக் கணக்கா, ஊர்க் கணக்கா என்று பாருங்கள். ஏஜெண்டு அங்கிருந்து எழுதி அனுப்பிய ஐந்தொகையும் (இருப்புநிலைக் கணக்கும்), முதலாளி வீட்டில் இருந்த ஊர்ப் பேரேடும் ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாகக் காட்டும். ஏஜெண்டு, அடுத்தாள் (ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஊழியர்), பெட்டியடிப் பையன் (வேலை பழகும் இளைஞர்) ஆகியோரின் சம்பளச் சீட்டுகள் கிடைத்தால் தனியே எடுத்து வையுங்கள். 3 ஆண்டுத் தவணைக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனவர்களில் யார் 1942-ல் அங்கே மாட்டிக்கொண்டார்கள் என்பதை அந்தச் சீட்டுகளே சொல்லும்.

எடுத்துக்காட்டுக்காக இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம்: "பார்த்திப௵ கார்த்திகை௴ ௧௨௳ பியாப்பொன் கடைக்கு ஆள் போகச் செலவு ௶ ௹ ௪௰௫." பார்த்திப ஆண்டு கார்த்திகை 12 என்பது 1945 நவம்பர் கடைசி வாரம். சிவில் ஆட்சி மீண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கிறது; இராவதி முகத்துவாரத்தில் இருக்கும் பியாப்பொனுக்கு, மூடிக் கிடந்த கடையைப் பார்த்து வர ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். 45 ரூபாய் என்பது கப்பல் கட்டணமா, கைச்செலவா? போனவர் பழைய ஏஜெண்டா, புது ஆளா? அவர் பத்திரங்களை எடுத்துக்கொண்டு போனாரா, அல்லது பத்திரங்கள் அங்கேயே இருந்தனவா? இந்தக் கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த 6 மாதத்து வரவுப் பக்கத்தையும் கடிதக் கட்டையும் பார்க்க வேண்டும். வரவு ஒன்றும் இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

வெற்றுப் பக்கங்களை யாரும் படம் எடுப்பதில்லை, எடுக்க வேண்டும். பல கடைகளின் கணக்கு விஷு ஆண்டு மார்கழியிலோ தையிலோ சட்டென்று நின்றுவிடும். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மாறியிருக்கிறதா, மை மாறியிருக்கிறதா, கூட்டல் போடாமல் விடப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். கூட்டல் போட்டு முடித்த கணக்கு, ஆற அமரக் கிளம்பியவருடையது. பாதியில் நின்ற கணக்கு, கிடைத்த கப்பலில் ஏறியவருடையதாகவோ நடந்தே கிளம்பியவருடையதாகவோ இருக்கும்.

பர்மா ஊர்ப் பெயர்களில் தடுமாற்றம் வரும். மௌல்மீன், பசீன், பெகு, ப்ரோம் என்றெல்லாம் பேரேட்டில் இருப்பவை இன்றைய வரைபடத்தில் மவ்லமியைன், பதேயின், பாகோ, பியாய் என்று இருக்கும். ராணுவ அரசு 1989-ல் ஆங்கிலப் பெயர்களை மாற்றியது. இரண்டு பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

நோட்டுக் கட்டுகள்

பெட்டியில் கிடக்கும் நோட்டுகளைக் காசாகப் பார்க்காமல் காலக்குறிப்பாகப் பாருங்கள். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்ட பிறகும் சில ஆண்டுகள் பர்மாவுக்கான நோட்டுகளை இந்திய ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜப்பானிய அரசாங்கத்தின் பெயரில் ரூபாய் நோட்டுகள் அச்சிடப்பட்டன. அவற்றின் தொடக்கத்தில் பர்மாவைக் குறிக்கும் பி என்ற ஆங்கில எழுத்து இருக்கும், பலவற்றில் முறையான வரிசை எண்ணே இருக்காது. பின்னணியில் தங்கம் இல்லாமல் அச்சிட்டுத் தள்ளிய அந்த நோட்டுகளால் விலைவாசி எகிறியது. பிரிட்டிஷார் திரும்பியதும் அவை வெற்றுத் தாளாயின. 1945-ல் பர்மா ராணுவ நிர்வாகம் என்று மேலச்சிட்ட இந்திய நோட்டுகள் வந்தன. 1952-ல் கியாட் வந்தது.

இதில் ஓர் எச்சரிக்கை. சித்திரபானு முதல் தாரண வரை யாராவது கடனைத் திருப்பிக் கட்டியதாகக் கணக்கு இருந்தால், அது ஜப்பானிய நோட்டில் கட்டியதாகவே இருக்கும். அசலும் வட்டியும் முழுதாக வந்ததாக ஏடு காட்டும்; கையில் வந்தது பின்னாளில் செல்லாமற்போன தாள். அப்படிக் கட்டப்பட்ட கடன் தீர்ந்ததா, இல்லையா என்பதில் போருக்குப் பிறகு தகராறுகள் வந்ததில் வியப்பில்லை. பெட்டியில் இது பற்றிய கடிதங்கள் இருந்தால் அவற்றை அந்தக் கணக்குப் பக்கத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

சுதந்திரச் சங்கத்தின் ரசீதுகள்

வெளியேற முடியாமல் பர்மாவிலேயே தங்கிவிட்டவர்களின் பெட்டிகளில் இந்திய விடுதலைக்காகத் தென்கிழக்கு ஆசிய இந்தியர்களைத் திரட்டிய இந்திய சுதந்திரச் சங்கத்தின் ரசீதோ, ஆசாத் ஹிந்த் வங்கியின் தாளோ கிடைக்கலாம். சுபாஷ் சந்திர போஸ் 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் தற்காலிக அரசை அறிவித்து, 1944 ஜனவரியில் தலைமையகத்தை ரங்கூனுக்கு மாற்றினார். அந்த ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி திறக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 24 அன்று அவர் ரங்கூனை விட்டுக் கிளம்பினார். ரசீதின் தேதி இந்த எல்லைக்குள் விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இத்தகைய ரசீது கிடைத்ததும் "எங்கள் ஐயா நேதாஜிக்கு அள்ளிக் கொடுத்தவர்" என்று சட்டம் போட்டு முகப்பில் மாட்டும் ஆசை எழும். மனமுவந்து கொடுத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பது உண்மை. சங்கத்துக்குப் பணம் தராமல் அந்த ஊரில் கடை நடத்த முடியாத நிலையும் இருந்தது என்பது இன்னொரு உண்மை. ரசீது தொகையைச் சொல்லும், மனத்தைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள அந்த மாதத்துக் கடிதங்கள் வேண்டும். அவை ஜப்பானியத் தணிக்கைக்கு அஞ்சி எழுதப்பட்டவை என்பதால் அதிலும் பாதியைத்தான் நம்ப முடியும். போர் முடிந்த பிறகு எழுதிய கடிதங்களில்தான் வாய் திறந்திருப்பார்கள்.

ஒரே நாட்டில், ஒரே ஆண்டுகளில், 2 விடுதலைப் போராட்டங்கள் நடந்தன என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இந்தியர்கள் பிரிட்டிஷாரை எதிர்த்து ஜப்பானியரோடு நின்றபோது, அதே ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற பர்மியர்கள் அவர்களையே எதிர்த்துத் திரளத் தொடங்கியிருந்தார்கள். நம் வீட்டு ஏட்டில் ஒன்று மட்டும்தான் பதிவாகியிருக்கும்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய கட்டு

பெட்டியில் மிகக் கனமான கட்டு இதுதான், படிக்க ஆளில்லாமல் கிடப்பதும் இதுதான். இதைப் புரிந்துகொள்ள 1930-க்குப் போக வேண்டும். நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய பர்மிய உழவர்கள் கட்ட முடியாமல் போனபோது, அடமான நிலங்கள் கடைகளின் பெயருக்கு மாறின. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 விழுக்காடு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930-களின் இறுதியில் அது சுமார் 25 விழுக்காடாகியது. வட்டிக்கடைக்காரர்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, ரொக்கம்தான் கேட்டார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வது சரிதான். நிலத்தை இழந்த உழவருக்கு அதனால் ஆறுதல் கிடைத்திருக்காது என்பதும் அவ்வளவு சரி. நான்கில் ஒரு பங்கு வயல் கடல் தாண்டி இருப்பவர்களுக்குச் சொந்தம் என்ற நிலையில் சுதந்திரம் அடையும் எந்த நாடும் முதலில் அந்த வயலில்தான் கை வைக்கும்.

போர் முடிந்து ஏஜெண்டுகள் திரும்பிப் போனபோது 1947-ன் குடிவரவுச் சட்டம் நுழைவைக் கட்டுப்படுத்தியது. ஊருக்குப் பணம் அனுப்பத் தடைகள் வந்தன. 1948-ல் நில தேசியமயச் சட்டம் இயற்றப்பட்டது. உள்நாட்டுப் போர் மூண்டதால் அது முதலில் ரங்கூனுக்கு எதிர்க்கரையில் உள்ள சிரியம் பகுதியில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. 1953-ல் புதிய சட்டத்தால் விரிவுபட்டது. இழப்பீடு பற்றிச் சட்டம் பேசியது; கைக்கு வந்தது நிலத்தின் விலைக்குப் பக்கத்தில் கூட வரவில்லை.

இந்த ஆண்டுகளின் ஏஜெண்டு கடிதங்களை வேகமாகப் படித்துவிடாதீர்கள். குத்தகை வசூலாகவில்லை என்று ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும். ஆனால் காரணம் மாறிக்கொண்டே வரும். ஓரிடத்தில் வெள்ளாமை இல்லை என்றும், ஓரிடத்தில் கிளர்ச்சிக்காரர்கள் ஏற்கெனவே நெல்லை வாங்கிப் போய்விட்டார்கள் என்றும், ஓரிடத்தில் குடியானவர் நிலம் இனி எங்களுடையது என்று சொல்கிறார் என்றும், ஓரிடத்தில் படகுப் பாதை திறக்கவில்லை என்றும் எழுதியிருப்பார்கள். இந்தக் காரணங்களைக் கடையின் ஊர், தமிழ் மாதம், காரணம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். உள்நாட்டுப் போர் எந்த மாவட்டத்தை எப்போது தொட்டது, அரசின் கை எந்த ஊர் வரை எட்டியது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். வரலாற்றுப் புத்தகங்களில் மாவட்ட அளவுக்குக் கூட இறங்காத செய்திகள் நம் ஊர்க் கடிதங்களில் கிராம அளவில் கிடைக்கின்றன; ஆராய்ச்சியாளர்கள் தேடுவது இதைத்தான், தேக்குத் தூண்களின் கதையை அல்ல.

இதே கட்டில் வெளிநாட்டவர் பதிவுச் சான்றுகளும் இருக்கலாம். ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டிய அந்தச் சான்றில் புகைப்படமும் முகவரியும் இருப்பதால், யார் எந்த ஆண்டு வரை அங்கே இருந்தார் என்பதற்கு அதைவிட உறுதியான சான்று இல்லை. 1963-ல் வங்கிகளும் 1964-ல் கடைகளும் தேசியமயமான பிறகு சான்றுகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். அந்த ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்திய வம்சாவளியினர் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் வந்தவர்களுக்கு எடுத்துவர அனுமதிக்கப்பட்டது மிகச் சொற்பம்.

ஏட்டில் இல்லாதவர்கள்

கணக்கு முதலாளியின் கணக்கு. சமையற்காரர், எடுபிடிப் பையன், தோணிக்காரர், கடைக்குக் கீழே குடியிருந்த கூலித் தொழிலாளி ஆகியோர் செலவுப் பக்கத்தில் ஒரு தொகையாக மட்டும் வருவார்கள். காரைக்குடி பர்மா காலனி போன்ற இடங்களில் குடியமர்ந்த குடும்பங்களிடம் பெட்டி இருக்காது, நினைவு இருக்கும். அவர்களிடமும் கேளுங்கள். ஊரிலேயே இருந்துகொண்டு வட்டிக் கணக்கையும் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்துக்கொண்ட ஆச்சிமார்களின் கடிதங்கள் கிடைத்தால், வீட்டுச் சமாசாரம்தானே என்று ஒதுக்காதீர்கள். 1942-ல் செய்தி வராத மாதங்களில் இந்த ஊர்கள் எப்படி இருந்தன என்பதற்கு அவைதான் சாட்சி.

அப்பத்தாவிடமோ ஆயாவிடமோ பேசும்போது "யுத்தத்தில் என்ன நடந்தது?" என்று பொதுவாகக் கேட்டால், முன்பு சொன்ன ஒற்றை வரிதான் வரும். "ஐயா எந்த வழியாக வந்தார்கள்?" என்று கேளுங்கள். ப்ரோமிலிருந்து தவுங்குப் கணவாயைக் கடந்து அரக்கான் கரைக்கு வந்தவர்கள் வேறு, பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்து தமு, பாலேல், இம்பால் வழியாகத் திமாப்பூர் ரயிலடிக்கு வந்தவர்கள் வேறு. 1942-ல் 4 லட்சத்துக்கும் குறையாத இந்தியர்கள் தரை வழியாகவும் கடல் வழியாகவும் வந்து சேர்ந்தார்கள். காலராவிலும் மலைக்காய்ச்சலிலும் பல்லாயிரம் பேர் வழியில் மாண்டார்கள். கால் புண், யாரோ கொடுத்த கஞ்சி, விட்டுவந்த பெட்டி என்று சிறு கேள்விகளாகக் கேட்டால் நினைவு வழி திறக்கும்.

பர்மாவில் இன்னொரு குடும்பம் இருந்ததற்கான தடயம் சில பெட்டிகளில் தென்படும்: மாதாமாதம் ஒரே பர்மியப் பெயருக்குச் சென்ற தொகை, ஒரு குழந்தையின் படம். அதைக் கிழித்துப் போடவும் வேண்டாம், குடும்ப வாட்சப் குழுவில் போடவும் வேண்டாம். தனி உறையில் வைத்து, வீட்டின் மூத்தவர்களோடு மட்டும் பேசி முடிவு செய்யுங்கள்.

வெளியே தேட வேண்டிய இடங்கள்

டில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் வெளிநாட்டு இந்தியர்கள் பற்றிய துறைக் கோப்புகள் இருக்கின்றன. அபிலேக் படல் என்ற அதன் இணையதளத்தில் ஊர்ப் பெயரையும் ஆண்டையும் கொண்டு தேடலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் பர்மா அலுவலகத்தின் கோப்புகள் உள்ளன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த நூல்களைக் கொண்டு தொடங்கிய சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அக்காலத்துப் பத்திரிகைகளைப் பார்க்கலாம். வீட்டுப் பெட்டியை முழுதாகப் படித்து முடிக்கும் வரை இவற்றுக்குப் போக வேண்டியதில்லை. என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் போனால் காப்பகம் காடு.

பத்திரத்தை வைத்து நிலத்தை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். தேசியமயமாகி இரண்டு தலைமுறைக்கு மேல் ஆன நிலம் அது; இப்போது அதை உழுபவர்களும் அடுத்தடுத்த ராணுவ ஆட்சிகளிடம் நிலம் பறிகொடுத்த வரலாறு கொண்டவர்கள். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் ராணுவம் மறுபடியும் ஆட்சியைக் கைப்பற்றியதிலிருந்து அங்கே உள்நாட்டுப் போர் நடக்கிறது. பழைய கடை இருந்த தெருவைப் பார்த்து வரச் சொல்லி அங்குள்ள தமிழர்களிடம் கேட்பதோ, அவர்கள் எழுதியதைப் பெயரோடு பொதுவில் பகிர்வதோ அவர்களைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிடும். அங்கிருந்து வரும் தற்காலக் கடிதங்களையும் படங்களையும் இந்தத் தொகுப்பில் சேர்க்காமல், பெயர் நீக்கித் தனியே வையுங்கள்.

எடுத்த படங்களைக் கட்டு எண், பக்க எண், தமிழ் ஆண்டு என்று பெயரிட்டு, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பங்காளிகள் 3 பேரிடமாவது பிரதி கொடுங்கள். மூலத்தை எடுத்த வரிசையிலேயே திரும்பக் கட்டி, அமிலமில்லாத தாளிலோ கஞ்சி போடாத பருத்தித் துணியிலோ சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் வைத்துப் பூட்டுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத் திறந்த நாளில் எழுதிய அதே நோட்டில் குறித்து வையுங்கள்.